பொருள் எண் ஒன்பது

சித்திரை முதல் தமிழில் எழுது என்று உத்தரவு.
பதினோரு வருஷம் இங்கிலீஷில் ஓடிய கை.
சேலம் நகரசபைக் கூட்டத்தில் குறிப்பெழுதுவது நான்:
எவர் என்ன சொன்னார் என்பதை அல்ல,
எது நிறைவேறியது என்பதை மட்டும்.

மேஜைக்குப் பச்சை விரிப்பு.
நடுவில், போன ஆடிப் பண்டிகையில்
சோடா கொட்டிய கறை, இலங்கை வடிவில்.

பொருள் ஒன்று: சைக்கிள் வரி வில்லை.
இந்த வருஷம் அறுகோணம். தகரத்துக்கு டெண்டர்.
இரண்டு: செவ்வாய்ப்பேட்டையில் வெறிநாய்.
மூன்று மேட்டூர்த் தண்ணீர். ஒரு மணி நேரம் ஓடியது,
குழாயில் அத்தனை நேரம் ஓடியதில்லை.
அம்மாபேட்டைத் துளசிராம் எழுந்து
சாயத்தொட்டியை உவமை சொன்னார்.
செங்கோடன் மேஜையைக் குத்தினார்;
டம்ளர் சாய்ந்து இலங்கை மறுபடி நனைந்தது.
ஷேக் தாவூத் வெளிநடப்புச் செய்து
வெற்றிலை போட்டுக்கொண்டு உள்நடப்புச் செய்தார்.
நான் எழுதியது: 'விவாதத்துக்குப் பின், ஒருமனதாக.'

இங்கிலீஷில் இது சுலபம்.
அந்த வார்த்தைகள் ஆபீஸோடு சரி,
சாயங்காலம் கோட்டோடு சேர்த்து
ஆணியில் மாட்டிவிட்டு வரலாம்.
தமிழ் வீடுவரை கூடவே வருகிறது.
'ஒருமனதாக' என்று எழுதினால்
யார் மனது என்று கேட்கிறது.

பொருள் ஒன்பது.
கிச்சிப்பாளையம் பெண்கள் கக்கூஸ் சந்துக்கு
விளக்கு ஒன்று வேண்டி,
பாவாயி வகையறா பதினேழு பேர். பதினேழும் பெருவிரல்.
கோர்ட்டு வாசலில் நாலணாவுக்கு எழுதிய மனு
மகாசமூகத்தின் திவ்ய பாதங்களில் தொடங்கி
விளக்குக்கு வந்து சேர்வதற்குள் தாள் தீர்ந்து
கடைசி வரி ஓரத்தில் செங்குத்தாக ஏறுகிறது:
'மழைக்காலத்தில் பாம்பு.'

பாவாயி கதவோரம் நின்றிருந்தாள், பத்து மணியிலிருந்து.
கம்பம் உண்டா என்றார் ஒருவர்.
கம்பம் உண்டு, கம்பி இல்லை என்றார் இன்ஜினீயர்.
கம்பிகூட உண்டு,
செலவெழுதத் தலைப்பு இல்லை என்றார் கணக்கர்.
மணி ஒன்றரை. எதிர் ஓட்டலில் ரசம் தாளித்தார்கள்.
தலைவர் என்னைப் பார்த்தார்.
எழுதி, விதிப்படி உரக்க வாசித்தேன்:
'பொருள் ஒன்பது ஒத்திவைக்கப்பட்டது.'

"ஒத்திக்கா வச்சீங்க?"
கதவோரத்திலிருந்து.
"எத்தினி வருசத்துக்குங்க சாமி?"

சிரித்தார்கள். துளசிராமுக்குப் புரையேறியது.
அவள் கேலி செய்யவில்லை.
ஒத்தி என்றால் அவளுக்குத் தெரியும்:
அசல் உண்டு, தவணை உண்டு,
மீட்கிற நாள் என்று ஒன்று உண்டு.
எனக்கும் தெரியும். அரிசிப்பாளையத்தில் என் வீடு
மூன்று வருஷ ஒத்தியில்;
நடப்பது ஏழாவது வருஷம்.

'அட்ஜர்ன்டு' என்று எத்தனை முறை வாசித்திருப்பேன்
இதே கூடத்தில், இதே கதவைப் பார்த்து.

சிரிப்பு குறிப்பில் ஏறாது.
கேள்வியும் ஏறாது, கேட்டவள் உறுப்பினரல்ல.
ஆனாலும் ஓரத்தில், பென்சிலால்,
'தவணை?' என்று போட்டுவைத்தேன்.
தலைவர் கையெழுத்திட்டார், பசியில்.

ஐப்பசியில் தணிக்கைக் கடிதம்:
'பக்கம் 112, ஓரக்குறிப்பு. எந்தக் கடன் பற்றியது?
அசல் எவ்வளவு? மூன்று தினங்களுக்குள் விளக்கம்.'

மூன்று நாளும் மழை.
கடைசி ராத்திரி லாந்தரைப் பக்கத்தில் இழுத்து
'அசல்: விளக்கு ஒன்று' என்று எழுதினேன்.
அடித்தேன். திரும்ப எழுதினேன்.
தெருக்குழாயில் காற்று சீறியது,
தண்ணீர் வரப்போகிறது, என் முறை எட்டாவது.
பேனாவை மூடாமல் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
லாந்தரையும் எடுத்துக்கொண்டேன்,
எங்கள் தெருவிலும் இருட்டுதான்.