பதினோரு பெயருக்கு ஒரு லிட்டர்

பட்டியலில் பதினோரு பெயர்.
நகராட்சி தந்தது ஒரு லிட்டர் கருப்பு,
இரண்டு தூரிகை.
ரசீதில் என் கையெழுத்து.

நான் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவன்.
பிஸெர்ட்டின் பழைய துறையில்
என் கை படாத படகு குறைவு.
செத்தவர்களுக்கு எழுதியதில்லை.
‘எழுத வேண்டாம் லஸாத்,’ என்றார் கணக்கர்,
‘செதுக்கித்தான் இருக்கிறது.
பள்ளத்தை நிரப்பு, போதும்.’

ரஷ்ய எழுத்து எனக்குத் தெரியாது.
ஒன்று, மல்லாந்த வண்டு போல ஆறு காலும் நீட்டிக் கிடந்தது.
ஒன்று சீப்பு.
ஒன்று, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சு எழுத்து.
அரபு எழுதிய பழக்கத்தில்
எல்லாப் பெயரையும் வலப்புறமிருந்து தொடங்கினேன்.
பள்ளத்துக்கு ஏது திசை?

யார் யாரென்று பட்டியல் பிரெஞ்சில் சொன்னது:
லியோன்தி பஸ்துகோவ், ரியர் அட்மிரல்.
கப்பல்களோடு வந்தார்.
கப்பல்கள் துருப்பிடித்து எடைக்குப் போயின,
அவர் தங்கிவிட்டார்.
கல்லில் ஒரு நங்கூரம், அதன் கொக்கியில் மழைத்தண்ணீர்,
குடிக்க வரும் கொண்டைக்குருவி.
நிகாந்தர் ஷிலோவ்: கடலின் ஆழம் அளந்தவர்,
பிறகு பிரெஞ்சுக்காரன் சாலைக்கு ஜல்லி அளந்தவர்.
அப்போலினாரி வெக்ஸின், மருத்துவர்.
இவர் பெயர் முழுக்க வெள்ளை நத்தைகள்.
ஒவ்வொன்றாய்ப் பெயர்த்து மதிலில் விட்டேன்.
விடிந்து பார்த்தால் திரும்பி வந்திருந்தன,
நோயாளிகள் போல, வரிசையாய்.

அட்மிரலுக்குப் பட்டங்களோடு மூன்று வரி.
கால் டப்பா அவருக்கே போயிற்று.
உயிரோடிருந்தபோதும் அப்படித்தானா என்று
பக்கத்துக் கல்லைத்தான் கேட்க வேண்டும்.

குழாய் மதிலோரம்.
அதனருகே தாழ்வாய் ஒரு கல், ரொட்டித்தட்டு அளவு.
வாளி நிரம்பும்வரை டப்பாவை வைக்க
வாகாய் இருந்தது.
எட்டு நாள் வைத்தேன்.
ஒன்பதாம் நாள் எடுத்தால்
கல்லில் கருப்பு வளையம்.

கத்தியால் சுரண்டினேன்.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.
வளையம் போகவில்லை,
பாசி போயிற்று.
பாசிக்கு அடியில் எழுத்து இருந்தது.

பட்டியலை எடுத்து வைத்து,
வடிவத்துக்கு வடிவம் ஒப்பிட்டுத் தேடினேன். இல்லை.
அன்றைக்குள் பதினோராவது பெயர் முடிந்தது.
டப்பாவின் அடியில்
ஆறிய கஞ்சி போல ஆடை கட்டிய மிச்சம்.
நகராட்சியின் மிச்சம். எனக்குத் தெரியும்.
வழித்து எடுத்தேன்.
வழக்கம்போல வலமிருந்து.
நாலாவது எழுத்தோடு கருப்பு தீர்ந்தது.

கணக்கர் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார்.
‘சரியாய்ப் போதுமாயிருந்ததா?’
‘சரியாய்.’

ஒரு மழைக்காலம் போனது.
ரஷ்யப் பெண்ணொருத்தி வந்தாள், கையில் அதே பட்டியல்.
அட்மிரலைப் படம் எடுத்தாள், மருத்துவரை எடுத்தாள்,
கை கழுவக் குழாய்க்கு வந்தாள்.
குனிந்தவள் நிமிரவில்லை.
முதலில் சிரித்தாள். பிறகு இல்லை.

நான் கருப்பிட்ட நாலு எழுத்துக்கு
‘இன்னாரின் மகள்’ என்று பொருளாம்.
இன்னார் யார் என்பது அதற்கு முன்னால் இருக்குமாம்,
அதற்கும் முன்னால் அவள் பெயர்.

முன்னால் கல் பொரிந்து உதிர்ந்திருந்தது.
கட்டைவிரலை நனைத்துத் தடவினாள்;
மாவு மாதிரி வந்தது.
பாசிதான் இத்தனை வருஷம்
அதைச் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும்.
அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

‘பின்த்,’ என்றேன்.
எங்கள் பதிவேட்டில் என் அம்மாவுக்கும் அப்படித்தான்:
இன்னார் பின்த் இன்னார்.
அவள் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
ஆமாம், பின்த்,
இரண்டு பக்கமும் யாரும் இல்லாமல்.

போகும்முன் அதையும் படம் எடுத்தாள்.
நாலு எழுத்து, அவற்றின் மேல் வளையம்.
‘இது என்ன சின்னம்?’ என்று கேட்டாள்,
கன்னியாஸ்திரீயா, செவிலியா,
கப்பற்படையில் ஏதாவது பிரிவா என்று.

வாளி நிரம்பி வழிந்தது.
குழாயை மூடப் போனேன்.