மைக் அணைக்கப்படவில்லை

எனக்கு இரவு பத்து. அவர்களுக்கு ஒன்பது.
முருங்கைக்காய் நீளத்துக்கு ஒரு நாடு சிலே;
அதன் அடிநுனியில், எங்கள் பூந்தா அரேனாஸில் மட்டும்
குளிர்காலத்தில் கடிகாரம் ஒரு மணி முந்திக்கொள்ளும்.
வெளியே காற்று
கூரைத் தகரத்தின் ஓர் ஆணியைப்
பிடுங்காமல் போவதில்லை என்று
நாலு நாளாய் மல்லுக்கட்டுகிறது.

நிபால்தோ பாலைவனத்திலிருந்து வருகிறான், கலாமாவிலிருந்து.
ஏழு நாள் செம்புச் சுரங்கம், ஏழு நாள் வீடு.
இன்று வீட்டு வாரத்தின் மூன்றாம் நாள்.
ஒசியேல் தெமுக்கோவில்:
ஈர விறகு, புகை, இருமல்.

மூவரும் சேர்ந்து ஒரு பூதத்தைக் கொல்ல வேண்டும்.
பதினோரு வாரமாக முயல்கிறோம்.
பூதத்துக்கு மூன்று தலை.
எங்களுக்கு ஆளுக்கொரு வீடு.

"யஸ்னா, மருந்து இருக்கா?"
"நாலு குப்பி. உன் மாமியார் கிளம்பியாச்சா, ஒசியேல்?"
"வியாழன்னு சொன்னாங்க.
எந்த வியாழன்னு சொல்லல."
"இடப்பக்கம் எலும்புக்காரன், அம்பு விடு."
"எங்க வாஷிங் மெஷின் நடந்து நடந்து
சமையலறை வாசலுக்கே வந்துடுச்சு."
"அடியில அட்டை வை. குனி, குனி, நெருப்பு!"
"வெச்சா அடங்குமா?"
"எது, பூதமா?"

"ஒரு நிமிஷம்," என்றான் நிபால்தோ.

அவனுடைய ஒரு நிமிஷம் எங்களுக்குத் தெரியும்.
ஹெட்செட்டை மேசையில் வைத்த சத்தம்.
நாற்காலி. குழாய். தட்டுகள்.
பிறகு எர்மிந்தாவின் குரல்,
கோபமே இல்லாமல், நாளைக்கு வெயில் என்பதுபோல:
"நீ இல்லாத வாரந்தான் இந்த வீடு ஒழுங்கா ஓடுது.
நீ வந்தா மூணு நாளைக்கு
எது எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல."

குழாய் நிற்கவில்லை.
நான் காதிலிருந்து கழற்றியிருக்க வேண்டும்.
கழற்றவில்லை.
ஒசியேலின் இருமலும் நின்றிருந்தது.

அப்போதுதான் அவனுடைய வீரன் அசைந்தான்.
இரும்புக் கவசம், இரண்டு ஆள் உயர வாள்.
பூதத்தின் வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான்.
இரண்டு முறை குதித்தான்.
நேரே போய்ச் சுவரில் முட்டி
முட்டியபடியே கொஞ்ச நேரம் நடந்தான்.
பிறகு குளத்தங்கரைக்குப் போய்க்
குனிந்தான்.

அங்கே மஞ்சள் பூ முளைக்கும்.
சந்தையில் ஒன்றுக்கு ஒரு செப்புக்காசு.
பதினோரு வாரத்தில் எங்களில் யாரும் குனிந்ததில்லை.

"அது நிபால்தோ கை இல்ல," என்றான் ஒசியேல், மெதுவாக.
மைதேவுக்கு ஆறு வயது.
மேலுதட்டை மடித்து மூச்சுவிடுவது கேட்டது.

எலும்புக்காரர்கள் வந்தார்கள். நான் அடித்தேன்.
குளத்தைச் சுற்றி ஒசியேல் கேடயத்தோடு நடந்தான்,
தூங்கும் வீட்டில் நடக்கிறவன் மாதிரி.
அவள் ஒவ்வொன்றாகப் பறித்தாள்.
முடிந்ததும் வீரன் என் எதிரே வந்து நின்றான்.
திரையில் எழுத்து: மஞ்சள் பூ, முப்பத்தேழு. வாங்கிக்கொள்வாயா?

என் பையில் இடமில்லை.
நாலு குப்பி மருந்தையும் புல்லில் போட்டேன்.

"என்ன, செத்துட்டேனா?" நிபால்தோ. ஈரக்கை மூச்சிரைப்பு.
"இல்ல. நல்லா ஆடின."
"மைக் திறந்தா இருந்தது?"
"தண்ணிச் சத்தந்தான்," என்றான் ஒசியேல்.
"ரொம்ப இரைச்சல்," என்றேன் நான்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதுதான் தப்பு.
"சரி," என்றான் அவன்.

மருந்தில்லாமல் போனோம்.
இரண்டாம் தலையிலேயே மூவரும் சாம்பல்.
மறுபடி உயிர்வர முப்பது நொடி.
இருபத்தெட்டு. இருபத்தேழு.

"ஒசியேல்."
"ம்."
"உங்க வீட்ல கத்தரிக்கோல் எங்க இருக்கும்?"
"ரெண்டாவது இழுப்பறை. ஏன்?"
"யாரையும் கேக்காமலே தெரியுமா?"

விறகு வெடித்தது தெமுக்கோவில்.
ஒன்பது. எட்டு.
என் சமையலறையில் மெஷின்
மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தது.