ஆண் வண்டு தேவை

பாக்குத்தூள் டப்பாவைத் திறந்து
என் மேசையில் கவிழ்த்தார் நாகூர்கனி.
பச்சை என்று எழுதினேன்.
தலையைச் சற்றே சாய்த்ததும் செம்பு.
அடித்துவிட்டுச் செம்பு என்று எழுத, நீலம்.
நிறம் சாட்சிக்கு ஆகாது.

கடலூர் முதுநகரில் மரவாடி அவருக்கு.
எட்டு வருஷம் முன்பு விற்ற கட்டிலின்
கால்மாட்டுச் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு
போன செவ்வாய் ராத்திரி வெளியே வந்திருக்கிறது இது,
வண்ணாரப்பாளையத்தில், பிலோமினா வீட்டில்.
உளுத்த மரத்தைத் தலையில் கட்டியதாக வக்கீல் நோட்டீஸ்.
"நம்மூர் வண்டா, கப்பல்ல வந்ததான்னு
ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கம்மா. போதும்."

லென்ஸின் கீழே அது வண்டாகவே இல்லை,
யாரோ தட்டித் தட்டிக் குழி பறித்த தகடு.
உணர்கொம்பு: ரம்பப் பல். சரி.
வயிற்றின் முதலிரண்டு கண்டங்கள் ஒட்டியவை. சரி.
முன்னிறக்கை நுனியில் மூன்று முள்.
ஒன்று முறிந்திருக்கிறது;
இருந்ததாக வைத்துக்கொள்கிறேன்.
பக்கம் நாற்பத்தொன்று, கேள்வி பதினேழு:
ஆணின் உறுப்பு நுனியில் பிளந்ததா, மழுங்கியதா?

இது பெண்.

"பொண்ணுன்னா பேர் கெடையாதா?"
ஆண் கிடைத்தால் சொல்லலாம் என்றேன்.
"இன்னொரு கட்டிலுக்கு நான் எங்க போறது?"

பச்சை மரத்தில் ஓரிரு வருஷத்தில் முடிகிற வளர்ச்சி
காய்ந்த சட்டத்தில், வார்னிஷுக்கு அடியில்
எட்டு வருஷம் இழுத்திருக்கிறது.
மேலே ஒரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள்,
ஒரு மழைக்கு முழங்கால் வரை தண்ணீர்.
கீழே கரகரவென்று ஒரு வாய்.
எலி என்று பொறி வைத்தார்களாம்.

பட்டை உரியும் முன்பே இட்ட முட்டை.
ஆகவே நம்மூரோ கப்பலோ,
மரத்தோடுதான் விற்றார் இதையும்.
அதை அவர் கேட்கவில்லை.
நான் இன்னும் எழுதவில்லை.

சீட்டை மட்டும் நிரப்பினேன்:
இடம்: கட்டில் சட்டம், வண்ணாரப்பாளையம்.
சேகரித்தவர்: பிலோமினா, துடைப்பத்தால்.
இனம்: பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

டப்பாவை ஊதித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு
"கப்பலுன்னே போடுங்க" என்று
வாசற்படி வரை போனவர்
திரும்பி வந்து குனிந்து பார்த்தார்.

"பச்சையாத்தான இருந்துச்சு?"