முனிர்கா, மூன்று டிகிரி

ஆம்னிக்கு எஞ்சின்
முன்சீட்டுக்கு அடியில்.
ராத்திரி பத்தரைக்கு நான் சாவியை உருவியதும்
அருள்செல்வி மாவு வாளியைக் கொண்டுவந்து
அந்தச் சீட்டில் உட்கார்த்துவாள்.
பெல்ட்டும் போட்டுவிடுவாள்.
மேலே என் கம்பளி.

"வண்டிக்கா, மாவுக்கா?"
"ரெண்டும் காலையில கிளம்பணும்ல."

எனக்கு ஸ்வெட்டரும் மங்கி குல்லாயும்.

நாலரை மணி.
எதிர்வீட்டு விளக்கு பனியில்
வெறும் மஞ்சள் கறை.
வாளி மூடியைத் தள்ளிக்கொண்டு
பொங்கி நிற்கிறது மாவு;
கம்பளி ஓரமெல்லாம் புளிப்பு.

கிளப்புமுன் குனிந்து பார்த்தேன்.
எஞ்சினுக்கு நேர் கீழே
செவலை நாய், மூன்று குட்டிகள்.
அது ஒரு கண்ணைத் திறந்து
மூடிக்கொண்டது.

ஆர்.கே.புரம் கேன்டீனிலிருந்து போன்.
"எங்கப்பா இருக்கே?"

"வண்டி
இன்னும் சூடாகல சார்" என்றேன்.