நாற்பத்தொரு படங்கள்

முப்பத்தாறில் சுருள் தீர்ந்து
லீவர் முரண்டு பிடிக்க வேண்டும்.
பிடிக்கவில்லை.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு,
கம்பெனிக்காரன் தாராளம் என்றிருந்தேன்.
நாற்பதில் வயிற்றைப் பிசைந்தது.
நாற்பத்தொன்றில், பழையபேட்டை டீக்கடை வாசலில்,
கட்டைவிரலுக்குக் கீழே லீவர்
சதை கழன்ற மாங்கொட்டை போல வழுக்கியது.

விடுதிக் குளியலறையில் விளக்கை அணைத்து
கதவிடுக்கில் துண்டைத் திணித்து
மூடியைத் திறந்து தடவினேன்.
சுருளின் நாக்கு பல்சக்கரத்தில் சிக்கவே இல்லை.
டப்பியின் வாயோரம் மடங்கிக் கிடந்தது,
ஒன்றும் அறியாததைப் போல.

பதினேழு நாள் எதை எடுத்துக்கொண்டிருந்தேன்?

மாங்கூழ் ஆலையில் எனக்குத் தரப்பரிசோதனை.
எட்டு மணிநேரம் ஒரு சின்னக் குழாய்க்குள்
ஒற்றைக் கண்ணை வைத்து
கூழின் இனிப்பை அளக்கிறேன்.
நீலமும் வெள்ளையும் முட்டும் கோடு
பதினாலரையில் நின்றால் டேங்க் போகலாம்.
பன்னிரண்டில் நின்றால் மேனேஜர் வருவார்.
எழுதிவைக்காமல் விட்டால் எனக்குக் கை அரிக்கும்.
அதனால், பெங்களூரு ஞாயிற்றுச் சந்தையில்
ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கிய ஜெனிட்டுக்கும்
ஒரு பதிவேடு போட்டேன்.
ஒளிமானி செத்துப் பல வருஷம்; வெளிச்சமெல்லாம் என் ஊகம்.
லென்ஸுக்குள் வெள்ளையாய் ஒரு பூஞ்சை,
மாவிலை நரம்பு மாதிரி.
படத்தில் விழாது என்றான் விற்றவன்.
விழுமா விழாதா, இன்னும் தெரியாது.

படம் மூன்று. எஃப் நாலு, நூற்றிருபத்தைந்து.
காலை ஆறு பத்து. ஷிப்ட் முடிந்து வருகிறேன்.
திம்மராயன் அண்ணன், லாரிமேல், பெங்களூரா மாங்காய்க் குவியலில்
முகத்தைத் துண்டால் மூடித் தூக்கம்.
படம் நாலு. அதே அளவு.
துண்டு விலகியது. முன்பல் ஒன்று இல்லை, அதுவும் சிரிக்கிறது.

படம் ஒன்பது. எஃப் பதினாறு, ஐந்நூறு.
கே.ஆர்.பி. அணை மதகு. வெயில். வேறொன்றுமில்லை.

படம் பதினான்கு. எஃப் இரண்டு, அறுபது.
சென்னம்மா தலைவலையைக் கழற்றுகிறாள்.
பின்னாலிருந்த புங்கமரத்து இலையெல்லாம்
அவளைச் சுற்றி ராட்டினம் ஆடியது.
இந்த லென்ஸுக்கு இப்படி ஒரு கிறுக்கு.
முழுசாகத் திறந்துவிட்டால்
யாரை நடுவில் நிறுத்தினாலும் திருவிழாதான்.

படம் இருபத்திரண்டு. எஃப் எட்டு, இருநூற்றைம்பது.
சோளக்கொல்லையில் நடுகல், வில்லேந்திய வீரன்.
அவன் தலைமேல் யாரோ காயப்போட்ட பள்ளிச் சட்டை.
காற்றடித்து அதன் கை உயரட்டும் என்று காத்திருந்தேன்.
உயர்ந்தது.

படம் இருபத்தேழு. ஊகம் தப்பு. மேகம் வந்துவிட்டது.

படம் முப்பத்துமூன்று. எஃப் இரண்டு, முப்பது, மூச்சைப் பிடித்து.
பியாரேஜான் பாய் பஞ்சர் ஒட்டுகிறார்.
தொட்டித் தண்ணீரில் குமிழி எழும் இடத்தில்
அவர் விரல்.

இல்லாத படங்களுக்கு
எவ்வளவு சரியான அளவுகள்.

சுருள் என்னவோ புத்தம்புதிதாக அப்படியே இருந்தது.
நாக்கை நீட்டி, பல்லில் மாட்டி, இருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
அதற்குள் சீசன் முடிந்துவிட்டது.
திம்மராயன் லாரியில் இப்போது ராயக்கோட்டைத் தக்காளி.

"அன்னைக்கே எடுத்தியேம்மா, அது எங்க?"
"இன்னும் கழுவலைண்ணா."
வாய் கூசாமல் வந்தது.
அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு,
வாயை இறுக்க மூடி,
தானும் ஒரு நடுகல்லாய் நின்றார்.
அழுத்தினேன்.
லீவரை இழுக்கையில் இடப்பக்கக் குமிழ்
சுழல்கிறதா, சுழல்கிறதா என்று
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சுழன்றது.

அந்த நேரத்தில்தான் அவர் என்னவோ சொல்லிச் சிரித்திருக்கிறார்.
நான் நிமிர்ந்தபோது
கிளீனர் பையன் இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

படம் ஒன்று. எஃப் ஐந்து புள்ளி ஆறு, இருநூற்றைம்பது.
தக்காளி லாரி. குமிழ் சுழன்றது.