ஒட்டு எண் 114

ருவைஸில் இரவு ஒன்றரைக்குமேல்தான் எங்கள் வேலை.
வெல்டர்கள் பஸ் ஏறிப் போன பின்
மஞ்சள் கயிறு கட்டி, சைரன் போட்டு,
குழாய் வரிசைக்கு அந்தப் பக்கம் பதுங்கி நின்று
கைப்பிடியைச் சுற்றுவேன்.
கேபிள் நுனியில் இரிடியம் வெளியே வரும்,
சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை.

அதற்குள் நடப்பது இவ்வளவுதான்:
ஒரு நியூட்ரானில் மூன்று குவார்க்குகள்.
அவற்றில் ஒரு கீழ்க் குவார்க்
மேல் குவார்க் ஆகிவிடுகிறது.
அந்தக் கணமே,
அதுவரை எங்குமே இல்லாத ஓர் எலக்ட்ரான்
வெளியேறிப் போகிறது.
உள்ளே ஒன்று கூடியது என்றால்
போனவன் கையில் சரியாக ஒன்று குறைவு.
சில்லறை பாக்கி கிடையாது.
இரிடியம் பிளாட்டினம் ஆயிற்று
(நகைக்கடையில் சொல்லிவிடாதீர்கள்).
அந்தப் பிளாட்டினம் ஆசுவாசப்படும்போது விடுகிற கதிர்தான்
இரும்பைத் துளைத்து என் ஃபிலிமில் விழுகிறது.

கூடவே இன்னொன்றும் கிளம்புகிறது.
அது என் குழாயை, கயிற்றை, கடலை,
அக்கரை ஈரானை
ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போகிறது.
அதைப் பிடிக்க என்னிடம் ஃபிலிம் இல்லை.

எங்கள் அறையில் மூன்று பேர், கம்பெனி விசா.
நான், சாரம் கட்டும் மரியசெல்வின், ரிக்கர் பொன்னுசிங்கம்.
தனியாக எங்களை யாரும் பார்த்ததில்லை.
ஒருவனை லீவில் பிடுங்கி அனுப்பினால்
விடிவதற்குள் அந்தக் கட்டிலில் புது ஆள் இருப்பான்.
சுல்பிகர் ஃப்ரீ விசா.
பிதா ஸாயித்தில் ஏசி ரிப்பேர்.
நினைத்தால் வருவான், நினைத்தால் போவான்,
எந்த அறைக்கும் சொந்தமில்லை.

போன மாதம் மெஸ் கணக்கு பார்த்தோம்.
எனக்கு வரவேண்டியது அறுபது திர்ஹாம்.
செல்வினுக்கும் அறுபது.
பொன்னுசிங்கம் தரவேண்டியது முப்பது.
கூட்டிக் கழித்தால் தொண்ணூறு.
சுல்பிகர் தன் நோட்டைத் திறந்தான்:
தரவேண்டியது தொண்ணூறு.
இதில் என்ன அதிசயம் என்றான் செல்வின்,
ஒரே சட்டியில் தின்றவர்கள்தானே.

அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

புரோட்டானின் மூன்று பேரும்
வெளியே சுற்றும் எலக்ட்ரானும்
எந்த அடுப்பில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்?
தசமத்துக்குப் பின் இருபது சுழியம் வரை
தேடிப் பார்த்துவிட்டார்கள், கணக்கு இடிக்கவில்லை.
இடித்திருந்தால் இந்தத் தண்ணீர் பாட்டில்
என் கையில் பாட்டிலாக இருந்திருக்காது.
கையும் இருந்திருக்காது.

(அரிசி மட்டும் ஒரு பிடி குறைந்திருந்தது.
யார் வந்து உண்டு போனார் என்று
நாங்கள் கேட்கவில்லை.)

இன்று ஒட்டு எண் 114.
சிவப்பு விளக்கில் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தேன்.
ஈய எண்கள் பளிச்சென்று இருந்தன.
ஒட்டைக் காணோம்.
காற்றுக் குமிழி இல்லை, விரிசல் இல்லை,
இரண்டு இரும்பு சந்தித்த கோடுகூட இல்லை.
இப்படி ஒரு வெல்டரா!
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

குருங் கதவருகில் நின்று தலையைச் சொறிந்தான்.
"சாப், ஃபிலிமை ஒரு கை தள்ளி ஒட்டிட்டேன்.
அங்கே ஜாயின்ட் இல்லை.
அது ஒரே பைப்."

திட்ட வாயெடுத்தேன்.
திட்டவில்லை.

குவார்க்குக்கும் லெப்டானுக்கும் நடுவே
கோடு தெரியாத அந்த ஃபிலிமை
எத்தனையோ பேர் கையில் வைத்திருக்கிறார்கள்.
அபாரமான ஒட்டா,
ஆதியிலேயே ஒரே குழாயா?
ஒரே குழாய் என்றால்
என்றாவது ஒரு புரோட்டான் உடைந்து
உள்ளே இருப்பவன் வெளியே இருப்பவனாக மாறவேண்டும்.
மலைக்கடியில் தண்ணீர்த் தொட்டி கட்டி
காத்துக்கொண்டிருக்கிறார்கள்.
இதுவரை ஒன்றும் உடையவில்லை.

மணி நாலே கால்.
ரீஷூட் என்று தாளில் எழுதினேன்.
குருங் இந்த முறை தடவித் தடவி
ஒட்டைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே
டேப்பைக் கேட்டான்.