ஓர் இடைவெளி

தை செங், ஆறாவது மாடி.
பதினெட்டு டிகிரியில் இயந்திரங்கள் உறங்குவதில்லை.
நான்தான் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி
உறக்கத்தை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.
நிலநடுக்கோட்டின் புழுக்கம்
வெளிக் கண்ணாடியில் வேர்த்து வழிகிறது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
காவல் சர்வர் பெட்டி பெட்டியாய்ப் போய்க் கேட்கும்:
உன் கோப்பு அதே கோப்புதானா?
கோப்பைக் காட்ட வேண்டாம்,
கைரேகையைச் சொன்னால் போதும்.
அறுபத்து நான்கு எழுத்து.
பூட்டிய உறையில், பெயர் போட்டு, முத்திரை வைத்துச்
சொல்லும்.

முன்பு இப்படி இல்லை.
நான் சேர்ந்த வருடம் கடவுச்சொல்லே
'பப்ளிக்' என்றுதான் இருந்தது.
கம்பியில் காது வைத்தவனுக்கெல்லாம்
தபால் அட்டை.
ஃபைருஸ்தான் மூன்றாம் பதிப்புக்கு மாற்றினான்,
ஒரு நோன்பு மாதம் முழுக்க,
சஹர் அலாரம் அடிக்கும்வரை உட்கார்ந்து.
இப்போது
நூற்றைம்பது நொடிக்கு மேல் பிந்திய சொல்லை
அது நம்பாது.
எத்தனை முறை அணைந்து எழுந்தோம் என்றுகூடக்
கணக்கு வைத்திருக்கிறது.
நான் வைத்ததில்லை.

பதினான்காம் பெட்டியில் ஒரு கோப்பு.
எந்த புளோக்கில் எந்த லிஃப்ட் நின்றால்
எந்த மேசையில் மணி அடிக்க வேண்டும்,
அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.
இரண்டு நாற்பத்தேழுக்குச் சும்மாதான் திறந்தேன்,
எங்கள் யீஷூன் புளோக் இருக்கிறதா என்று.
இருந்தது.
இருநூற்று ஏழாம் வரி, லிஃப்ட் பி.
போன தீபாவளிக்கு முந்தின நாள்
முறுக்கு டின்னோடு நாற்பது நிமிடம்
நான் மாட்டிக்கொண்ட அதே லிஃப்ட்.
பார்த்தேன். மூடினேன்.
மூடும்போது விரல், பழக்க தோஷம், சேமித்துவிட்டது.

இரண்டு ஐம்பத்தொன்றுக்குத் திரை சிவந்தது.
பெட்டி பதினான்கு. கைரேகை பொருந்தவில்லை.
யார், எந்த நாட்டிலிருந்து, எந்தத் துளை வழியாக?
பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்து
வரி வரியாக இறங்கினேன்.
இருநூற்று ஏழின் கடைசியில்
ஓர் இடைவெளி.
எழுத்தல்ல, எண்ணல்ல,
எழுத்து இல்லாத இடம்.
அதற்கே அறுபத்து நான்கும் கலைந்துபோயிருந்தன.

சேமித்தவர்: நீரஜாட்சி தங்கராசு.
இரவுப் பணி.

அழித்துவிடலாம் என்று கை போனது, பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் செய்தி அதற்குள் லோயாங் சேர்ந்திருந்தது,
என்னாலும் திறக்க முடியாத உறைக்குள்.
எறிந்துவிட்டு ஓடும் ரகமல்ல அது.
கேட்டாயா, கேட்டாயா என்று
பதில் வரும்வரை கதவைத் தட்டுகிற ரகம்.
கேட்டேன் என்று
லோயாங் சொல்லியிருந்தது.

இடைவெளியை எடுத்தேன்.
அடுத்த சுற்றில் பழைய கைரேகை வந்து நின்றது
அச்சுப் பிசகாமல்,
எதுவுமே நடக்காத மாதிரி.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டம்.
'எங்கள் வீட்டு லிஃப்டைப் பார்க்க ஆசைப்பட்டேன்'
என்று தமிழில் அடித்து
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெய் லிங்குக்குத் தமிழ் தெரியாது.
அழித்துவிட்டு
ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் முடித்தேன்.

ஏழரைக்கு வெளியே வந்ததும்
மூக்குக்கண்ணாடி பனித்து
தெரு ஒரு நிமிடம் காணாமல் போனது.
கோப்பி ஓ பையில் ஆட, இரண்டு ரயில் மாறி, வீடு.

லிஃப்ட் பி.
மணிப் பொத்தானின் மேல் யாரோ ஒட்டிய
டியூஷன் விளம்பரம், பாதி கிழிந்தது.
மீதியை நான் கிழித்தேன்.
ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம்,
எந்த மேசையில் யார் எடுக்கிறார்கள் என்று.
விரல் வைத்தபடி நின்றேன்.

பதினோராம் மாடி வந்துவிட்டது.